அந்த ரேகை எப்போது பதிந்தது? குரோம் கம்பமும் ஒரு கொலை வழக்கும்

1980ஆம் ஆண்டு, கலிஃபோர்னியாவில் ஒரு ரிப்பேர் கடை. அதன் நிலவறையில் கடைக்காரர் அடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தார். பக்கத்தில், கழற்றிப் போட்டிருந்த சுழல் தடுப்பு ஒன்றின் குரோம் கம்பங்கள். ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே விடுவதற்கு வாசலில் வைத்திருப்பார்களே, தள்ளினால் சுழலுமே, அந்தச் சாதனம்தான். அந்தக் கம்பத்தால்தான் அடித்திருக்கிறார்கள் என்றது அரசுத் தரப்பு. கம்பங்களில் ஒருவருடைய விரல்ரேகைகள் கிடைத்தன. அவரைக் கொலையோடு சேர்த்துவைக்க வேறு எதுவும் கிடைக்கவில்லை. ரேகையை மட்டும் வைத்தே ஜூரி அவரைக் கொலைக் குற்றவாளி என்று தீர்மானித்தது.

வழக்கு பல படிகள் ஏறி, 1991இல் அமெரிக்காவின் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. ரேகை அவருடையதுதானா என்பதில் அங்கே சண்டையே இல்லை. அவருடையதுதான். ஆனால் அந்தச் சுழல் தடுப்பைக் கடைக்காரர் சுமார் நான்கு மாதங்களுக்கு முன்பு, இழுத்து மூடப்போகிற ஒரு ஹார்டுவேர் கடையின் தள்ளுபடி விற்பனையில் வாங்கியிருந்தார். அதற்கு முன்பு அது பொதுமக்கள் போய் வருகிற இடத்தில் இருந்த பொருள். அப்படியானால் அந்த மனிதர் அதை அங்கேயே தொட்டிருக்கலாம் அல்லவா? கொலைக்கு முன்னால் அந்தக் கம்பங்களைத் தொடும் வாய்ப்பே அவருக்கு இல்லை என்று அரசுத் தரப்பு காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை என்று சொல்லி, அந்தத் தண்டனை நிற்காது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

இது புதிய சிக்கலும் அல்ல. 1967இலேயே வாஷிங்டனில் ஒரு வீட்டுத் திருட்டு வழக்கு இதே இடத்தில்தான் உடைந்தது. நாணயங்கள் போட்டு வைத்திருந்த ஜாடிகள் காலியாகக் கிடந்தன, அவற்றில் ஒருவரின் ரேகை இருந்தது. ஜாடியில் ரேகை வருடக்கணக்கில்கூட நிற்கலாம் என்று அரசுத் தரப்பின் நிபுணரே ஒப்புக்கொண்டார். திருட்டு நடந்த நேரத்தில்தான் பதிந்தது என்பது வெறும் ஊகம் என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

இரண்டு வழக்கிலும் கைரேகை நிபுணரின் நிலையைப் பாருங்கள். 'யாருடையது?' என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறார். 'எப்போதையது?' என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. ஒரு மனிதன் சிறையில் இருப்பதா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வியில்தான் இருந்தது. அந்தக் கேள்விக்கு வேதியியலால் பதில் சொல்ல முடியுமா என்பதைத்தான், அதே குரோம் கம்பத்தை எதிரில் வைத்துக்கொண்டு இங்கே பார்க்கப் போகிறேன்.

ஒரு எவர்சில்வர் டம்ளர் போதும்

முதலில் ரேகை என்பது என்ன பொருள் என்று தெரிய வேண்டும். ஆய்வகம் வேண்டாம். நன்றாகத் துடைத்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலை ஒருமுறை நெற்றியிலோ மூக்கின் ஓரத்திலோ தேய்த்துவிட்டு டம்ளரில் அழுத்தி எடுங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால், எடுத்த உடனே ரேகையைச் சுற்றி ஒரு மெல்லிய ஆவிப் படலம் தெரியும். சில நொடிகளில் அது போய்விடும். அது தண்ணீர். மிச்சம் நிற்பது, கொஞ்சம் மங்கலாக, சாய்த்தால் பளபளக்கிற கோடுகள். அது எண்ணெய். இப்போது கையை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, அதே விரலால் பக்கத்தில் ஒரு ரேகை வையுங்கள். பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது.

விரல் நுனியில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. வியர்வைச் சுரப்பி மட்டும்தான் உண்டு. வியர்வையில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் உப்பு, யூரியா, லாக்டிக் அமிலம், அமினோ அமிலங்கள். எண்ணெய் எல்லாம் முகத்தையும் தலைமுடியையும் நாம் தொட்டுத் தொட்டு விரலுக்குக் கொண்டுவந்தது. அதாவது, ஒருவரின் ரேகையில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பது, அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அவர் எதைத் தொட்டார் என்பதைப் பொறுத்தது. ரேகையின் வயதைக் கணக்கிட வருகிறவர்களுக்கு முதல் தலைவலி இங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத ரேகையைத் தெரியவைக்க அதன் மேல் பவுடர் தூவுவார்கள். அந்தக் காலத்தில் சில நிபுணர்கள் 'பவுடர் நன்றாக ஒட்டியது, அதனால் புது ரேகை' என்று கூண்டில் ஏறிச் சொன்னதுண்டு. மேலே சொன்ன டம்ளரை ஒருமுறை பார்த்தாலே இது எவ்வளவு ஆபத்தான பேச்சு என்று புரியும். எண்ணெய்ப் பிசுக்கான விரல் வைத்த பழைய ரேகையில் பவுடர் அப்படியே ஒட்டும். கழுவிய கை நேற்று வைத்ததில் ஒட்டாது. ஒட்டுவது எண்ணெயின் அளவைச் சொல்லும், தேதியைச் சொல்லாது.

எண்ணெய்க்குள் ஓடும் கடிகாரம்

அளவை நம்ப முடியாது, சரி. ஆனால் அந்த எண்ணெய் கெட்டுப்போகிற விதத்தை அளக்கலாமே. திறந்து வைத்த எண்ணெய் நாளாக நாளாகக் காறல் வாடை அடிக்கும் இல்லையா? அதே வேலைதான் ரேகையிலும் நடக்கிறது. ரேகையில் இருப்பது மிக மெல்லிய படலம் என்பதால் இன்னும் வேகமாக நடக்கிறது.

நம் தோல் எண்ணெயில் டிரைகிளிசரைடுகள், கொழுப்பு அமிலங்கள், மெழுகு எஸ்டர்கள், கொஞ்சம் கொலஸ்ட்ரால், அப்புறம் ஸ்குவாலீன் என்ற ஒன்று இருக்கின்றன. ஸ்குவாலீன்தான் இதில் சீக்கிரம் கெடுவது. முதலில் இதைச் சுறா மீனின் ஈரல் எண்ணெயில்தான் கண்டுபிடித்தார்கள், பெயரே சுறாவை வைத்து வந்ததுதான். அதன் மூலக்கூறில் முப்பது கார்பன்கள், நடுநடுவே ஆறு இரட்டைப் பிணைப்புகள். இரட்டைப் பிணைப்பு என்பது ஆக்ஸிஜனும் ஓசோனும் வந்து கடிக்க வசதியான இடம். ஆறு இடத்தில் கடிபட்டால் என்ன மிஞ்சும்? 2005இல் பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள் ரேகைகளை வெளிச்சத்திலும் இருட்டிலும் ஒரு மாதம் போல வைத்துப் பார்த்தபோது, ஸ்குவாலீன் வேகமாகக் குறைந்தது தெரிந்தது. வெளிச்சத்தில் இன்னும் வேகம். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நம் கம்பம் கிடந்தது நிலவறையில்.

ஸ்குவாலீன் கடிகாரம் வேகமாக ஓடி நின்றுவிடுவதால், அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் யங் ஜின் லீயின் குழு வேறொன்றைப் பிடித்தது. ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு, இரண்டு பிணைப்பு என்று இருக்கிற டிரைகிளிசரைடுகள். காற்றில் எப்போதும் கொஞ்சம் ஓசோன் இருக்கிறது. அது இந்தப் பிணைப்பை நேராக இரண்டாக வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டின் எடை குறைவு. மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் வெட்டுப்படாதது எவ்வளவு, வெட்டுப்பட்டது எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். ரேகையில் மொத்தம் எவ்வளவு எண்ணெய் இருந்தது என்ற கேள்வியை இது ஓரளவு தாண்டிவிடுகிறது, ஏனென்றால் பார்ப்பது விகிதத்தை. 2020இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் ஏழு நாள் வரை இந்தத் தேய்மானம் ஒழுங்காக நடப்பதைக் காட்டினார்கள். பவுடர் போட்டு எடுத்த ரேகையிலும் இந்த அளவீடு வேலை செய்தது. வழக்கில் பயன்பட வேண்டுமானால் அது மிக முக்கியம், ஏனென்றால் சம்பவ இடத்துக்குப் போகிறவர் முதலில் கையில் எடுப்பது பவுடர் பிரஷ்ஷைத்தான்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரே ஆளின் ரேகைகள் ஒரே வேகத்தில் தேய்ந்தன, ஆளுக்கு ஆள் வேகம் மாறியது.

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் ஷின் முரமோட்டோவும் எட்வர்ட் சிஸ்கோவும் 2015இல் போன வழி வேறு. ரேகையின் மேட்டுக் கோட்டிலிருந்து பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் மெல்ல மெல்லப் பக்கத்துப் பள்ளத்துக்குப் படர்கிறது. அது எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது என்று அளந்து நாளைக் கணக்கிடுவது அவர்கள் யோசனை. நான்கு நாள் வரை பார்த்தார்கள், ஆனால் அது கண்ணாடி போன்ற சிலிக்கான் தகட்டின் மேல். கைபட்டுக் கீறல் விழுந்து தூசி படிந்த குரோம் கம்பத்தில் படர்வது அதே மாதிரி இருக்கும் என்று நான் நம்பமாட்டேன்.

நான்கு மாதமா, நான்கு நாளா?

இப்போது கம்பத்துக்குத் திரும்பி வருவோம். ஏழு நாள் வரைதான் அளக்க முடியும், கம்பத்தின் கதையோ நான்கு மாதம். அப்படியானால் இந்த முறையால் பயனில்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது அவசரப்பட்டுச் சொல்வது என்பது என் கருத்து.

நீதிமன்றம் கேட்டது 'இந்த ரேகைக்குச் சரியாக எத்தனை நாள் வயது?' என்று அல்ல. இரண்டில் ஒன்றைத்தான் கேட்டது: கொலை நடந்த சமயத்தில் பதிந்ததா, நான்கு மாதம் முன்பு ஹார்டுவேர் கடையில் பதிந்ததா? சம்பவம் நடந்த ஓரிரு நாளில் ரேகையை எடுத்துவிட்டால், கேள்வி 'இது ஒரு வாரத்துக்கு உட்பட்டதா, இல்லை மாதக்கணக்கானதா' என்று சுருங்கிவிடுகிறது. ஒரு வாரம் வரை மட்டுமே ஓடும் கடிகாரத்துக்கு இது சரியான கேள்வி. கடிகாரம் இன்னும் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று பார்த்தால் போதும். இடைப்பட்ட வயதுகள்தான் கஷ்டம். மூன்று வாரமா ஐந்து வாரமா என்று கேட்டால் இன்றும் யாரும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. இந்த வழக்கில் இடைப்பட்ட வயது என்பது கேள்வியிலேயே இல்லை.

ஆனால் இதே வழக்கில்தான் மோசமான பொறியும் இருக்கிறது. அந்தக் கம்பங்கள் கிடந்தது நிலவறை. வெளிக்காற்றில் இருக்கிற ஓசோன் மூடிய அறைக்குள் அப்படியே வருவதில்லை. சுவர், துணி, மரம் எல்லாம் அதை உறிஞ்சிவிடும். வெளிச்சமும் குறைவு. கம்பங்கள் மாதக்கணக்கில் ஒரு துணிக்கடியிலோ அட்டைப்பெட்டிக்குள்ளோ கிடந்திருந்தால் அவற்றின் மேல் காற்றே ஓடியிருக்காது. அங்கே கடிகாரம் மிக மெதுவாக ஓடும். நான்கு மாதப் பழைய ரேகை, ஆய்வகத்தில் மேஜைமேல் வைத்த ஒரு வார ரேகை போலத் தெரிய வாய்ப்பு இருக்கிறது.

இந்தத் தவறு எந்தப் பக்கம் சாய்கிறது என்று யோசியுங்கள். புது ரேகை பழையது போலத் தெரிந்தால், குற்றவாளி ஒருவர் தப்பலாம். பழைய ரேகை புதியது போலத் தெரிந்தால், முன்பு எப்போதோ கடைக்குப் போய்வந்த ஒருவர் கொலைகாரர் ஆகிவிடுவார், அதுவும் இந்த முறை அறிவியல் முத்திரையோடு. அந்த வழக்கில் நிபுணர் 'தெரியாது' என்று சொன்னதால்தான் நீதிபதிகளால் சரியான முடிவுக்கு வர முடிந்தது. அரைகுறை கடிகாரத்தை வைத்துக்கொண்டு 'தெரியும்' என்று சொல்லியிருந்தால்? எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிற இடம் இதுதான்.

அதனால் இந்த மாதிரிப் பொருளில் வேலை செய்கிறவர் செய்ய வேண்டியது, புத்தகத்தில் இருக்கிற தேய்மான வேகத்தை எடுத்து வைத்துக் கணக்குப் போடுவது அல்ல. அதே நிலவறையில், அதே கம்பத்தின் வேறொரு பகுதியில், புதிதாக ரேகைகள் வைத்து, நாள்தோறும் ஒன்றாக எடுத்து அளக்க வேண்டும். முடிந்தால் சந்தேகப்படும் நபரின் விரலையே வைத்து. ஆளுக்கு ஆள் வேகம் மாறும் என்று அயோவா ஆய்வே சொன்ன பிறகு, வேறு யாருடைய விரலையோ வைத்து அளப்பது அரைக் கிணறு தாண்டுவதுதான். 2016இல் லோசான் பல்கலைக்கழகத்தின் செலின் வெயர்மான் முதலியோர் இந்தத் துறை முழுவதையும் சட்டக் கண்ணோட்டத்தோடு சேர்த்து அலசி எழுதினார்கள். வழக்குகளில் தைரியமாகப் பயன்படுத்தும் அளவுக்கு எதுவும் இன்னும் முதிரவில்லை என்பதுதான் அந்த ஆய்வைப் படிக்கிற எவருக்கும் தோன்றும்.

நாக்ஸ்வில்லில் காணாமல் போன ரேகைகள்

'ஆளுக்கு ஆள் மாறும்' என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனால் அதன் கனம் புரியாது. அதற்கு இன்னொரு வழக்கைப் பார்க்க வேண்டும்.

1993, டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரம். மூன்று வயதுப் பெண் குழந்தை கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். அவளைக் கொண்டுபோன கார் கிடைத்தது. குழந்தை கார் ஜன்னலைத் தொடாமல், இருக்கையைப் பிடிக்காமல் இருந்திருக்கவே முடியாது. நாக்ஸ்வில் காவல்துறையின் ஆர்ட் போஹனன் காரை அங்குலம் அங்குலமாகத் தேடினார். அவளுடைய ரேகை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மற்றவர்கள் என்றால் 'துடைத்துவிட்டான் போல' என்று விட்டிருப்பார்கள். இவர் விடவில்லை. குழந்தைகளின் ரேகையையும் பெரியவர்களின் ரேகையையும் தானே வைத்துப் பார்த்தபோது, குழந்தைகளுடையது சீக்கிரமே மறைவதைக் கண்டார். ஏன் என்று கேட்டு பக்கத்தில் இருந்த ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தின் மிஷெல் புக்கானனிடம் போனார். ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. குழந்தைகளின் ரேகையில் இருப்பவை பெரும்பாலும் சிறிய, சீக்கிரம் ஆவியாகிவிடும் கொழுப்பு அமிலங்கள். பெரியவர்களின் ரேகையில் நீளமான சங்கிலி கொண்ட எஸ்டர்கள் அதிகம், அவை ஆவியாகாமல் தங்கிவிடும். எண்ணெய்ச் சுரப்பிகள் முழு வேகத்தில் வேலை செய்ய ஆரம்பிப்பது பருவம் எய்தும்போதுதான். அதற்கு முன்பு விரலில் ஒட்டிக்கொள்ள அந்தக் கனமான எண்ணெயே இல்லை.

குழந்தை அந்தக் காரைத் தொட்டிருக்கிறாள், அவளுடைய ரேகைதான் காற்றோடு போய்விட்டது. இந்த ஒரு விஷயம் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்தது. ரேகை இல்லை என்பதை வைத்து 'அவள் இங்கே இல்லை' என்று எத்தனை இடத்தில் எழுதியிருப்பார்கள்?

ரேகையின் வயதைக் கணிப்பதற்கு இதில் இருக்கிற பாடம் நேரடியானது. ஒரே காரில், ஒரே நாளில், ஒரே வெயிலில் வைத்த இரண்டு ரேகைகள்; ஒன்று மறைந்துவிட்டது, இன்னொன்று வாரக்கணக்கில் நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே கடிகாரத்தை வைத்தால் இரண்டு வேறு தேதிகள் வரும். ஆளின் வயது மட்டுமல்ல, உணவு, தோல் நோய், பூசுகிற கிரீம் எல்லாமே எண்ணெயை மாற்றும்.

நம் ஊரில் இதைச் செய்யப் போகிற ஆய்வகங்களுக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு, இரட்டைப் பிணைப்பே இல்லாத நிறைவுற்ற கொழுப்பு. ஓசோன் கடிக்க அதில் இடமே குறைவு. நல்லெண்ணெயில் கதை தலைகீழ், பெரும்பகுதி இரட்டைப் பிணைப்பு உள்ளது. காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, தலை வாரிவிட்டு வந்த கை வைக்கிற ரேகையில், தோல் எண்ணெய் எது, பாட்டில் எண்ணெய் எது என்று முதலில் பிரிக்க வேண்டும். வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரையில் இருக்கிற வளைகோட்டை எடுத்து அப்படியே இங்கே ஒட்ட முடியாது. இங்கேயே நூற்றுக்கணக்கான விரல்களை வைத்துப் பொறுமையாக அளந்தால்தான் உண்டு.

அந்தக் கம்பம் இன்று கிடைத்தால்

இன்று ஒரு நிலவறையில் அதே மாதிரி ஒரு கம்பம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்னிடம் கேட்டால் முதலில் சொல்வது, எல்லா ரேகையையும் டேப்பில் எடுத்துவிடாதீர்கள் என்பதுதான். இரண்டு ரேகை கிடைத்தால் தெளிவானதைப் போட்டோ எடுத்து அடையாளத்துக்கு வைத்துக்கொண்டு, மங்கலான இன்னொன்றை வேதியியலுக்கு விட்டுவையுங்கள். டேப்பின் பசையில் இருக்கிற ரசாயனங்கள் ரேகை எண்ணெயோடு கலந்துவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு. கம்பத்தையே கழற்றி எடுத்துவர முடிந்தால் இன்னும் நல்லது, எதுவும் மேலே உரசாமல், குளிர்ந்த இடத்தில், வெளிச்சமும் காற்றும் படாமல். எடுத்த நிமிஷத்திலிருந்து தேய்மானத்தை நிறுத்த முடிந்தால்தான் அதுவரை எவ்வளவு தேய்ந்தது என்று சொல்ல முடியும்.

அப்புறம் குறிப்பேடு. கதவு திறந்திருந்ததா, மூடியிருந்ததா. ஜன்னல் உண்டா, வெயில் எந்த நேரம் விழும். அன்றைய வெப்பநிலை, ஈரப்பதம். கம்பத்தின் மேல் தூசி இருந்ததா, ரேகைக்கு மேல் தூசியா, தூசிக்கு மேல் ரேகையா. இந்தக் கடைசிக் கேள்விக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டாம், நல்ல டார்ச் போதும். நான்கு மாதம் நிலவறையில் கிடந்த பொருளில் தூசிப் படலத்தை அழுத்திக்கொண்டு ஒரு ரேகை இருந்தால், அது வாங்கிய நாளுக்கு முந்தையது என்று சொல்வது கடினம். ரேகையின் மேல் தூசி ஒரே சீராகப் படிந்திருந்தால், அதை நேற்று வைத்தது என்று சொல்வதும் கடினம். போட்டோவில் இது தெரியவேண்டுமானால் பவுடர் தூவுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். பிரஷ் ஒருமுறை பட்டுவிட்டால் அந்தத் தூசி திரும்பி வராது.

கடைசியாக அறிக்கை. 'இந்த ரேகை மூன்று நாள் பழையது' என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நான் ஏற்கமாட்டேன். இப்படி எழுதினால் ஏற்பேன்: 'இந்த ரேகையில் வெட்டுப்படாத கொழுப்பு இவ்வளவு, வெட்டுப்பட்டது இவ்வளவு. இதே அறையில் இதே கம்பத்தில், இந்த நபரே வைத்த மாதிரி ரேகைகளில் இந்த அளவு வந்தது இத்தனை நாளிலிருந்து இத்தனை நாளுக்குள். கம்பம் இந்த அறைக்கு வருவதற்கு முன்பு எங்கே, எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. அது தெரியாமல் நான்கு மாதப் பழையது என்ற வாய்ப்பை எங்களால் நீக்க முடியாது.' அதற்குக் கீழே, ரேகை எடுத்த தேதி, மணி, எடுத்தவர் கையெழுத்து.